ஐந்தாம் பலகைக்கு மூன்றாவது கோட்

எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்திருக்கிறது என்று என் மகள் ரஷீதா ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு அறிவித்தாள். அறிவித்த இடம் ஸ்ரீரங்கம் மேல அடையவளஞ்சான் வீதியில் பானுமதி மாமியின் வீட்டு வாசல். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மாமியும் நானும். இருவருக்கும் அது புதிய செய்தி.

"அத்தா ஒரு மாசத்துக்கு வாயைத் திறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு மாமி. நீங்க ஏதாவது கேட்டு பதில் வரலைன்னா தப்பா எடுத்துக்காதீங்க."

"அடடா. ரொம்ப வலிக்கறதோ?" என்று மாமி என்னைக் கேட்டார்.

தலையசைத்தேன். உண்மையிலேயே வலிக்க ஆரம்பித்திருந்தது.

ரஷீதாவைக் குறை சொல்ல முடியாது. மஸ்கட்டில் பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் கடையில் தைத்துக் கொடுத்துவிட்டு, புருஷனையும் அங்கேயே சட்டப்படி விட்டுவிட்டுத் திரும்பியவள். பிளவுஸ் பிட், லைனிங், சேலைக்கு ஃபால்ஸ் இதெல்லாம் விற்கும் மேட்சிங் கடை வைக்க வேண்டும் என்பது அவள் திட்டம். இடம் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். அதுதான் தப்பு. மன்னார்புரத்தில் ஒருவர் நல்ல இடம் காட்டினார். பேச்சுவாக்கில், பெரிய வெள்ளம் வந்த வருஷம் இதே கடைக்குள் ஒரு முதலை மூன்று நாள் தங்கியிருந்தது, கிளம்பும்போது பொறுப்பாக ஷட்டரை இறக்கிவிட்டுப் போயிற்று என்று சொன்னேன். மனுஷர் மறுநாளே இடத்தை விற்க ஆள் தேட ஆரம்பித்துவிட்டார். காந்தி மார்க்கெட் பக்கம் இன்னொருவர், மகளுக்கு அனுபவம் உண்டா என்றார். மஸ்கட்டில் ஒரு பெரிய வீட்டு ஒட்டகங்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தது இவள்தான் என்றேன். ஒட்டகம் வந்து போகிற தொழிலுக்கு அவர் இடம் கொடுப்பதில்லையாம். இப்படிப் பதினோரு இடம்.

பன்னிரண்டாவது இது. மாமி வீட்டின் முன்னறை. தெருப்பக்கம் ஒரு கதவு, வீட்டுக்குள் போக ஒரு கதவு. மாமிக்கு ரஷீதாவைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பிடிக்காதவர் மாமியின் மகன் அரவிந்தன். சென்னையில் பேங்கில் லோன் பிரிவில் இருக்கிறார். தெரியாதவர்களுக்கு எதற்கு முன்னறையைக் கொடுக்க வேண்டும் என்று போனில் ஒரே வாதம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். வியாழக்கிழமை ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ண அவர் வருவார். இடத்தையும் ஆட்களையும் நேரில் பார்ப்பார். திருப்தி என்றால் வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார், வெள்ளிக்கிழமை கடை திறக்கலாம். இல்லையென்றால் ரஷீதா மூட்டையைத் தூக்க வேண்டியதுதான்.

"இதுவும் போச்சுன்னா நான் மறுபடி மஸ்கட்டுக்கே போயிடுவேன் அத்தா. முதலாளி நேத்துகூட போன் பண்ணினாரு. விசாவுக்குச் சரின்னு சொல்ல வேண்டியதுதான் பாக்கி" என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லியிருந்தாள். "நீங்க வார்னிஷ் அடிங்க. எவ்வளவு வேணும்னாலும் அடிங்க. பேச மட்டும் பேசாதீங்க."

வார்னிஷ் விஷயம் இதுதான். ஜீயபுரத்து மருதை ஆசாரி பிளைவுட்டில் ரேக் செய்து கொடுத்திருந்தார். சுவரோடு இரண்டு பக்கமும் கட்டை அடித்தாயிற்று. ஐந்து பலகைகளையும் அதன்மேல் வைத்தால் போதும், ஆணி கிடையாது. ஆனால் வெறும் பிளைவுட் பூனை நாக்கு மாதிரி. லைனிங் துணியை அதன்மேல் ஒரு தரம் இழுத்தால் நூல் பிரிந்து வந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சீலர் பூசி, மேலே நிறமில்லாத கிளியர் வார்னிஷ் இரண்டு கோட் கொடுத்தால்தான் துணி வைக்க முடியும். மருதை அதற்குள் கொழுந்தியா வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டார். நான் ஜுபைலில் பத்தொன்பது வருஷம் பெயிண்ட் கோடவுனில் ஸ்டோர் கீப்பர். வார்னிஷ் டப்பாவை வெளியிலிருந்து பார்த்ததில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதன்மேல் எழுதியிருப்பதை நான்கு பாஷையில் சொல்லுவேன். டப்பாவைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமையே தேய்க்க ஆரம்பித்தேன். கரகரப்பாக இருந்த பலகை மதியத்துக்குள் கன்னம் மாதிரி ஆகிவிட்டது. தூசியை ஈரத்துணியால் துடைத்து, சீலர் அடித்தேன். அதெல்லாம் கஷ்டமில்லை. கஷ்டம் அதற்குப் பிறகு. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஆறு மணி நேரம் காயவிட வேண்டும் என்று டப்பா சொன்னது. பேசுகிற மனுஷனுக்கு ஆறு மணி நேரம் ஒன்றுமே இல்லை. பேசாத மனுஷனுக்கு அது இரண்டு வருஷ விசா.

உட்கார்ந்தேன். எழுந்தேன். ஜன்னலைத் திறந்தேன், ஆடிக் காற்று தெருமண்ணை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தது, மூடினேன். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். தொட்ட இடத்தில் என் கைரேகை பதிந்தது. அதைச் சரி செய்து, சரி செய்தது காய்ந்ததா என்று மறுபடி தொட்டேன்.

மாமி வேறு. பேச முடியாத மனுஷர் கிடைத்தால் யாருக்குத்தான் பேசத் தோன்றாது? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சித்தரத்தைக் கஷாயத்தோடு வருவார். தொண்டைக்கு நல்லதாம். நான் குடித்து முடிக்கும்வரை நின்று, எதிர் வீட்டுக்காரர் மூன்று மாதமாக வாட்டர் டேங்க் நிரம்பி வழிவதைக் கவனிக்காததைப் பற்றிச் சொல்லுவார். அந்த டேங்க் விஷயத்தில் என்னிடம் ஒரு அருமையான சம்பவம் இருந்தது. விழுங்கினேன். கஷாயத்தோடு சேர்ந்து உள்ளே போயிற்று.

சாயங்காலத்துக்குள் தாங்கவில்லை. உள்கதவு சாத்தியிருந்தது. தெருக்கதவும் சாத்தியிருந்தது. பலகைகளிடம் மெதுவாக ஆரம்பித்தேன். ஜுபைலில் ஒரு ஷேக் வீட்டு வாசல்கதவுக்கு வார்னிஷ் அடித்தேன், அது எப்படிப் பளபளத்தது என்றால், அவர் ஒட்டகம் அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே ஒரு ஒட்டகம் உள்ளே இருக்கிறது என்று எண்ணி, நாற்பது நாள் வீட்டுக்குள் வர மறுத்துவிட்டது என்று சொன்னேன். பலகைகள் நன்றாகக் கேட்டன. நடுவில் யாரும் "சும்மா இருங்க அத்தா" என்று சொல்லவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வார்னிஷ் ஆரம்பித்தேன். இருந்த ஸ்டூல்களில் நான்கு பலகை பரப்பத்தான் இடம். நான்குக்கும் நார் போகிற திசையிலேயே பிரஷ்ஷை இழுத்து மெல்லிசாக ஒரு கோட். ஐந்தாவதைச் சுவரில் சாத்தி வைத்தேன். பிறகு வெளியே போய் டீ குடித்தேன். தெற்கு வாசல்வரை நடந்து கோபுரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து பலகையைத் தொட்டேன். ஈரம். மறுபடி போய் ஒரு டீ. வந்து தொட்டேன். ஈரம். மூன்றாவது டீக்குப் பிறகு வந்தபோது ஐந்தாவது பலகை தரையில் படுத்திருந்தது. அதன் நடுவில் வெள்ளையாகச் சில கோடுகள்.

மருதை எதற்கெடுத்தாலும் சாக்பீஸால் கோடு போடுகிறவர். பழைய கோடு, நேற்று நான் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பலகையைப் படுக்கப்போட்டதும் நானாகத்தான் இருக்கும், மூன்று டீக்குப் பிறகு எனக்கு எல்லாம் நினைவில் நிற்பதில்லை. இன்னொன்றும் உண்டு. நான் போட்டிருந்தது தூரத்துக் கண்ணாடி. கிட்டத்துக் கண்ணாடி பாலக்கரையில் வீட்டில் டி.வி. மேல் இருந்தது.

அடித்தேன். பிரஷ் பட்டதும் கோடுகள் மறைந்துவிட்டன. சந்தோஷமாக நான்காவது டீக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது கோடுகளும் திரும்பி வந்திருந்தன. வார்னிஷ் காயக் காய அடியிலிருந்து வெள்ளை மேலே எழும்பியது. ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான்கு பாஷையிலும் தெரியும். ஆனால் கை கேட்கவில்லை. இரண்டாவது கோட். மறைந்தது. மற்ற நான்குக்கும் டப்பா சொன்னபடி இரண்டு மணிக்கு இரண்டாவது கோட் கொடுத்தேன். மூன்று மணிக்கு அந்தக் கோடுகள் மறுபடி வந்தன, முன்னைவிடப் பிரகாசமாக. மண்டியிட்டு மூக்கு படுகிற தூரத்தில் வைத்துப் பார்த்தேன். மருதைக்கு இவ்வளவு அழகாகக் கோடு போட வராது. எட்டிதழ்த் தாமரை. ஓரத்தில் காவி. அரிசியை அரைத்துக் கரைத்து விரலால் இழையிழையாகப் போட்ட கோலம்.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது ரஷீதாவுக்குப் போன் செய்வது. நான் செய்தது மூன்றாவது கோட். இந்தத் தடவை தாராளமாக, தேன் ஊற்றுகிற மாதிரி ஊற்றினேன். கோலம் மறைவதை நிறுத்திவிட்டது. நகைக்கடையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிற அட்டிகை மாதிரி அடியில் கிடந்து ஜொலித்தது.

ஐந்து மணிக்கு ரஷீதா லைனிங் மூட்டையோடு வந்தாள். அவள் பின்னாலேயே மாமி கஷாயத்தோடு வந்தார். பலகையைப் பார்த்தார். டம்ளரை ஜன்னலில் வைத்தார்.

"இது நான் போட்ட கோலம்னா?"

ரஷீதா என்னைப் பார்த்தாள். நான் பலகையைப் பார்த்தேன்.

"புது மரம் வந்திருக்கு, வெறுமையா இருக்கப்படாதேன்னு ஒரு இழை போட்டேன்" என்றார் மாமி. "மத்த நாலும் ஈரமா இருந்தது. இது ஒண்ணுதான் காஞ்சு சுவத்துல சாஞ்சிண்டிருந்தது. கீழ கிடத்திப் போட்டேன். ராத்திரிக்குள்ள துடைச்சுடலாம்னு இருந்தேன்."

குனிந்து புடவைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தார். தலைப்பு ஒட்டிக்கொண்டது. மெதுவாகப் பிரித்து எடுத்தார்.

"ரஷீதா, நாளைக்கு அமாவாசை. தர்ப்பணம் ஆற வரைக்கும் ஆத்துல கோலம் இருக்கப்படாது. வாசல்லகூட போட மாட்டோம். பித்ருக்கள் வர நாள். எல்லாம் முடிஞ்ச அப்பறம்தான் கோலம். இத்தனை வருஷத்துல ஒரு தடவை தப்பினது இல்லை."

"இப்பவே தேய்ச்சு எடுத்துடறோம் மாமி" என்று ரஷீதா உப்புத்தாளை எடுத்தாள். ஒரு இழுப்பு இழுத்தாள். காயாத வார்னிஷ் உப்புத்தாளைக் கவ்விக்கொண்டது. இரண்டாவது இழுப்புக்குத் தாள் பலகையோடு போயிற்று, கையில் மூலை மட்டும் மிஞ்சியது. அந்தத் தாளைச் சுரண்டி எடுக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. கோலத்துக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

"காயாம ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். "காய ரெண்டு நாள் ஆகும்."

மாமி தலைப்பை உதறிச் செருகிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அரவிந்தன் கார்த்தால வரான். இது அவன் கண்ணுல பட்டா இதுக்குத்தாம்மா சொன்னேன்னு ஆரம்பிப்பன். அப்பறம் நான் என்ன சொல்லியும் நடக்காது."

ரஷீதா லைனிங் மூட்டைமேல் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து, ஒன்றும் செய்யாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். மஸ்கட் முதலாளி நம்பர் அதில் எத்தனாவது வரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. அவ்வளவுதானே மாமி?" என்று கேட்டேன்.

ரஷீதா கண்ணை மூடிக்கொண்டாள்.

மாமி அசையவில்லை. "ஆமாம். தர்ப்பணம் முடியற வரைக்கும் வெளியில இருந்தா போறும்" என்றார், நான் நாற்பது வருஷமாக அவரோடு பேசிக்கொண்டிருப்பது போல. பிறகு ரஷீதா பக்கம் திரும்பினார். "ரெண்டு நாளா உங்கப்பா இந்தப் பலகைகளோட பேசிண்டிருக்கார். நான் கதவுக்கு அந்தாண்டை நாற்காலி போட்டுண்டு கேட்டுண்டிருக்கேன். ஆபரேஷன் ரொம்ப நன்னா ஆயிருக்கு."

"மாமி, நான் வேணும்னு..."

"இரு. ஆபரேஷன் விஷயத்தை நான் அரவிந்தன்கிட்ட நேத்தே போன்ல சொல்லியாச்சு. அவனுக்கு ஒரு பொய் அகப்பட்டா மீதி எல்லாமே பொய்தான்ம்பன், லோன் கேக்கறவாளைப் பார்த்துப் பார்த்து அப்படி ஆயிட்டான். அதனால அவன் கையெழுத்துப் போடற வரைக்கும் பாய் வாயைத் திறக்கப்படாது. ஒரு வார்த்தை வந்தாலும் உன் கடை போச்சு."

"அத்தாவால முடியாது மாமி" என்றாள் ரஷீதா. பெற்ற மகள்.

"வெளியேன்னா எவ்வளவு வெளியே?" என்று நான் கேட்டேன். பேச அனுமதி இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

மாமி யோசித்தார். இந்தத் தெருவில் பாதி வீடு தர்ப்பண வீடு. அந்த வாசல்கள் முன்னால் கோலத்தைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது. "காவேரிக்கு அந்தக் கரைக்குப் போயிடுங்கோ" என்றார்.

அன்றைக்கே தூக்கிப் போயிருக்கலாம். ஆனால் தொட்டால் விரலே வராது என்கிற நிலையில் இருந்தது. காலைக்குள் கொஞ்சம் இறுகும் என்று நம்பினோம்.

இறுகவில்லை. வியாழக்கிழமை விடிந்து நான் போய்ப் பார்த்தபோதும் மேற்பரப்பு அல்வா மாதிரிதான் இருந்தது. நாலடிப் பலகை. கோலம் வெளியே பார்க்கிற மாதிரி, ஓரங்களை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அமாவாசைக் கூட்டம் முழுவதும் இந்தக் கரையில் அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு வந்துகொண்டிருந்தது. நான் ஒருவன் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், ஏற்றினாலும் யாராவது ஒரு பயணியை என்னோடு ஒட்டிக்கொண்டுதான் இறக்க வேண்டியிருக்கும். நடந்தேன்.

பாலத்தில் கால் வைத்ததும் காற்று பலகையைப் பிடித்துக்கொண்டது. ஆடி மாதத்தில் காவேரிப் பாலத்தின்மேல் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கைப்பிடிச் சுவரோடு என்னை நெருக்கியது. பிறகு தோணிக்காரர்கள் பாயைச் சாய்ப்பதுபோல் பலகையைக் கொஞ்சம் சாய்த்தேன். அவ்வளவுதான். என் செருப்பு தரையில் பட்டதாக நினைவில்லை. பாலத்தின் நடுவில் ஒரு ஷேர் ஆட்டோவை இடது பக்கமாக முந்தினேன். டிரைவர் கோபமாக ஹாரன் அடித்தார். அவர் மேல் தப்பில்லை, நான் கை காட்டவில்லை. மொத்தப் பாலமும் நான்கு நிமிஷம். அந்தக் கரையில் கட்டடங்கள் காற்றை மறைத்ததால் மட்டுமே நின்றேன், இல்லாவிட்டால் மணப்பாறைக்குப் போயிருப்பேன்.

ஓடத்துறைப் பக்கம் ஒதுங்கி, படிக்கட்டில் பலகையை மடியில் சாய்த்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், அங்கேயும் வரிசையாகத் தர்ப்பணம் நடந்துகொண்டிருந்தது. தர்ப்பணத்துக்குப் பயந்து ஓடிவந்த கோலம் தர்ப்பணத்தின் நடுவிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்கலாம் என்று நினைப்பதற்குள் ஒரு சுழல் காற்று படியில் இறங்கியது. பக்கத்தில் இருந்தவரின் தொன்னையிலிருந்து எள் மொத்தமாகக் கிளம்பியது. வேறு எங்கும் போகவில்லை. ஒரு எள்கூடத் தரையில் விழவில்லை.

அவர் ஈர வேட்டியோடு வந்து பலகையைப் பார்த்தார். "பெரியவரே, இது எங்க எள்ளு."

"எடுத்துக்கங்க" என்றேன்.

ஒன்றை நகத்தால் எடுக்கப் பார்த்தார். வரவில்லை. இன்னொன்றை முயன்றார். கோலத்தைப் பார்த்தார், என் தொப்பியைப் பார்த்தார், மறுபடி கோலத்தைப் பார்த்தார். "பரவால்ல, இருக்கட்டும்" என்று வேறு பொட்டலம் வாங்கப் போய்விட்டார்.

எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு. ஒரு இதழில் மட்டும் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு உட்கார முடியவில்லை. படியில் ஏறினேன், இறங்கினேன். ஒன்பதரைக்கு ரஷீதா போன். "ரயில் லேட்டு அத்தா. இப்பத்தான் காவேரிக்குக் கிளம்பறாரு." பத்தரைக்கு நானே கூப்பிட்டேன். "இன்னும் வரலை. வைங்க." பத்தே முக்காலுக்கு மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பதினொன்றேகாலுக்கு அவளே கூப்பிட்டாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "முடிஞ்சுது. மாமி வாசல்ல கோலம் போட்டாச்சு. ரேக்குல ஏன் ஒண்ணு குறையுதுன்னு கேக்குறாரு. சீக்கிரம் கொண்டு வாங்க. வர்ற வழியில யார்கிட்டயும் எதுவும் பேசிட்டு நிக்காதீங்க."

திரும்பும்போது ஆட்டோ பிடித்தேன். அந்தக் காற்றில் ஒரு தரம் கரை சேர்ந்ததே போதும்.

வாசலில் அரவிந்தன் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் திருமண், கையில் மடித்த பத்திரம், சட்டைப் பையில் பேனா. அவருக்குப் பின்னால் மாமி. மாமிக்குப் பின்னால் ரஷீதா, நகத்தைக் கடித்துக்கொண்டு.

மாமி முதலில் பலகையைப் பார்த்து நிம்மதியானார். பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து பார்த்தார். "எள்ளா?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "நாளைக்கு வெள்ளிக்கிழமை. கடை திறக்கற இடத்துல எள்ளா? உள்ள கொண்டு வராதீங்கோ."

கோலம் இருப்பதால் அமாவாசையன்று உள்ளே இருக்கக் கூடாது. எள் இருப்பதால் மற்ற நாளில் இருக்கக் கூடாது. வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த வீட்டுக்குள் நுழைய முடியாத ஒரு பலகையை நான் மூன்று கோட் அடித்துத் தயார் செய்திருந்தேன்.

"என்ன சார் இது?" என்று அரவிந்தன் கேட்டார். "பலகைல ஏன் கோலம் இருக்கு? இது எள்ளுன்னா? இதை எடுத்துண்டு எங்கே போயிட்டு வரேள்?"

என் ஆயுளில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் சொன்ன கதைகளில் ஒன்றுக்காவது இதில் பாதி சரக்கு இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். இது முழுவதும் உண்மை வேறு. முதல் வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. பாலம், பாய், ஷேர் ஆட்டோ எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நின்றன. காது சூடாயிற்று. கால் கட்டைவிரல் தானாக ஆடியது.

"அவராலதான் பேச முடியாதேடா. சொன்னேனே" என்றார் மாமி.

"ஓ, ஆமாம். மறந்துட்டேன்." அரவிந்தன் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ரயில் டிக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் மேலே இருக்கும்படி நீட்டினார். "எழுதிக் காட்டுங்கோ."

இதை நாங்கள் மூன்று பேரும் எதிர்பார்க்கவில்லை.

பலகையைச் சுவரில் சாத்திவிட்டு வாங்கிக்கொண்டேன். எழுதுவதற்கும் டாக்டர் தடை போட்டிருக்கிறார் என்று ரஷீதா சொல்லிவிடுவாளோ என்று ஒரு நொடி பயமாக இருந்தது. அவள் சொல்லவில்லை. போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் முழுக்க இடம் இருந்தது. பொடி எழுத்தில் எழுதினால் பாலம்வரை வந்துவிடலாம். அந்த மனுஷர் அதைப் படிப்பார். ஒரு வரியைக்கூட நம்ப மாட்டார். அவ்வளவும் நடந்தது, அதுதான் கஷ்டம்.

எழுதினேன்: "அவசரப்பட்டேன். பலகை காயவில்லை."

கொடுத்தேன். அவர் படித்தார். சாய்த்திருந்த பலகையை ஒரு விரலால் தொட்டார். விரல் ஒட்டியது. பிய்த்து எடுத்து விரலைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார்.

"வாஸ்தவம்தான்" என்றார்.

உள்ளே போனார். நாங்கள் பின்னாலேயே போனோம், பலகை வெளியிலேயே நின்றது. ரேக்கில் இருந்த நான்கு பலகைகளையும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவினார். இரண்டாவதின் ஓரத்தில் என் கைரேகை ஒன்று இருந்தது, அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ரஷீதாவின் மூட்டையிலிருந்து மெல்லிசான லைனிங் துணி ஒன்றை உருவி, பலகைமேல் வைத்து அழுத்தி இழுத்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஓரத்திலும் இழுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு நூல் பிரியவில்லை.

"இது நாலும் காஞ்சிருக்கு" என்றார். "நன்னாவும் வந்திருக்கு. உங்கப்பாவே அடிச்சாரா?"

"ஆமா சார். அத்தாதான்" என்றாள் ரஷீதா.

"எங்க ஆபீஸ்ல வரவாள்லாம் ஒரு தப்பை மூணு பக்கத்துக்கு எழுதுவா. இவர் ஒரு வரில முடிச்சுட்டார்." பத்திரத்தை ரேக்மேல் வைத்தே கையெழுத்துப் போட்டார். "அம்மா, இப்போதைக்கு நாலு பலகை போறும். அஞ்சாவதை ஆசாரிகிட்டச் சொல்லி மெதுவா பண்ணிக்கட்டும். பேசாத மனுஷர், நல்ல மனுஷரா இருக்கார்."

மாமி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டார். ரஷீதா போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பிறகு என் முழங்கையைப் பிடித்து வாசல்வரை நடத்திக்கொண்டு வந்தாள்.

"அத்தா, பலகையை எடுத்துட்டு வீட்டுக்குக் கிளம்புங்க. இப்பவே. உங்க மூஞ்சியைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு. இன்னும் ரெண்டு நிமிஷம் தாங்க மாட்டீங்க."

ஒன்றரை நிமிஷம்கூடத் தாங்கியிருக்க மாட்டேன்.

வெயிலில் நின்றதில் வார்னிஷின் மேல்தோல் மட்டும் ஒருவழியாக இறுகியிருந்தது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார்கள். கடைசி சீட்டில் பலகையை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி உட்கார்ந்தேன். பக்கத்தில் உறையூர்க்காரர் ஒருவர், கால் மேல் கால் போட்டு, எந்த அவசரமும் இல்லாத ஆள். பஸ் மாம்பழச் சாலை தாண்டியது. அவர் கோலத்தைப் பார்த்தார். எள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னங்க பாய் இது?"

அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஆரம்பித்தேன். பாலம் வந்தது, போயிற்று. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்று எல்லாரும் இறங்கினார்கள். கதையில் நான் அப்போதுதான் பாலத்தின் நடுவில் ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் இருந்தேன். உறையூர்க்காரர் இறங்கவில்லை.

பஸ் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பியது. கண்டக்டர் வந்து எங்கள் முன்னால் நின்றார். நான் பேச்சை நிறுத்தாமல் இரண்டு விரலைக் காட்டினேன்.